பாலம் தாண்டி மிச்ச தூரம்

பெங்களூர் குக் டவுனில் ஹெர்பர்ட்டிடம் வழி கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை. முதலில் அந்த வழியின் வரலாறு வரும், பிறகு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணங்கள், கடைசியாக அதைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு நேர்ந்த கதி. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, சபையின் கேரல் ரவுண்ட்ஸுக்கு வழி போடும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் பாட்டுக்குழு வீடு வீடாகப் போய்ப் பாடுவதற்கு அவர் போடும் வரைபடத்தில் டீ குடிக்கும் வீடு இருக்கும், கேக் சாப்பிடும் வீடு இருக்கும், சர்க்கரை நோயாளிகள் ஒதுங்குவதற்குத் தனியாக ஒரு வீடு இருக்கும். சில வருடங்களில் பாட்டுக்கு மட்டும் நேரம் போதாமல் போகும்.

அப்படிப்பட்டவர் இந்த நவம்பர் கடைசியில் ஹெல்சின்கிக்கு வழி போட உட்கார்ந்தார்.

சாப்பாட்டு மேசையில் பழைய சபைக் காலண்டரின் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, மூலைக்கு ஒன்றாக ஊறுகாய் பாட்டில், உப்பு ஜாடி, வேதாகமம், டிவி ரிமோட் எல்லாவற்றையும் பாரமாக வைத்தார். சிவப்பு மையில் ‘நடந்தே காணும் குளிர்கால விடுமுறை’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டார். அடுத்த வேலையாக ஒரு கமிட்டி அமைத்தார். மூன்று பேர் போகிற பயணத்துக்கு மூன்று பேர் கமிட்டி. தலைவர் அவரே. செயலாளர், மனைவியின் தங்கை லவினா. ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவள். உறுப்பினர், மனைவி பவுலின்.

“கோரம் இருக்கு, மூணு பேரும் வந்தாச்சு. ஆரம்பிக்கலாமா?”

“நாங்க எங்க அத்தான் ஓடிப் போகப் போறோம்? அவரைக்கொட்டை பிதுக்கிட்டுதானே உக்காந்திருக்கோம்,” என்றாள் லவினா. அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் ஊற வைத்த அவரைக்கொட்டை ஒரு பாத்திரம் நிறைய இருந்தது.

“டாக்ஸி கிடையாது, டூர் பஸ் கிடையாது. கம்ப்ளீட்டா கால்தான். ஒரு ஊரைக் காலால பார்க்கணும். வண்டியில போறவன் ஊரைப் பார்க்கல, ஜன்னலைப் பார்க்கறான்.” இது அவர் வெகுநாளாக வைத்திருக்கும் வாக்கியம். யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்தார். லவினா ஒரு சொத்தைக் கொட்டையை எடுத்துத் தூர வைத்தாள்.

“முதல் நாள், ஸ்டேஷன் பக்கத்துல ஹோட்டல்ல இருந்து கிளம்பறோம். வெள்ளைக் கதீட்ரல். அங்க இருந்து துறைமுகத்து மார்க்கெட், சூப் ஹால்ட். வார்ம்-அப் ஹால்ட் லைப்ரரியில...”

“டாய்லெட் ஹால்ட் எங்க அத்தான்? அந்தக் குளிருக்கு அதுதான் மெயின் ப்ரோக்ராமே.”

“மினிட்ஸ்ல போடு. பரிசீலிக்கப்படும்.”

பவுலின் எழுந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறத்தில் கோடு. எல்லாக் கோடுகளும் ஊரைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, வடக்கே ஒரு பாலத்தை நெருங்கியதும் சூடு பட்டதுபோல் திரும்பிவிட்டன.

“பாலத்தைத் தாண்டலையா?”

“தாண்டினா ஒண்ணும் இல்ல பவுலி. வெறும் வீடுங்க.”

“க்ளென் வீடு அங்கதானே?”

ஹெர்பர்ட் உப்பு ஜாடியை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தாளின் அந்த மூலை சுருண்டு பாலத்தை மூடிக்கொண்டது.

க்ளென் அவர்களுடைய ஒரே மகன். ஹெல்சின்கியில் வேலை. நகர நடுவில் ஆபீஸ், பாலத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் வீடு. தினமும் ஆபீஸ் முடிந்து நடந்து வருவான். நடக்கும்போது அம்மாவுக்கு போன் போடுவான். இங்கே அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பவுலின் போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசிப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துவிட்டுச் சப்பாத்தி போடுவாள். பேச்சைவிட நடைதான் அதிகம் கேட்கும். அந்த ஊரில் பனிக்காலம் முழுக்க, வழுக்காமல் இருக்க, நடைபாதையில் ஜல்லி தூவி வைப்பார்களாம். கரக், கரக் என்று அதன்மேல் நடந்து வருவான். டிராமின் மணி கேட்டால் ஸ்டேஷன் தாண்டியாயிற்று. காற்று போனுக்குள் ஊதினால் பாலம். பிறகு ஏற்றம், மூச்சு வாங்கும். மேட்டின் உச்சியிலிருக்கும் கல் தேவாலயத்தில் மணி அடித்தால் வீடு கிட்டே. “வீடு வந்துடுச்சும்மா, வெச்சுடறேன்,” என்பான். அதைச் சொல்லாமல் அவனும் வைத்ததில்லை, இவளும் வைத்ததில்லை. போகாத அந்த ஊரை பவுலின் காதால் முழுக்க நடந்திருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருட ஜனவரியில் ஒரு நாள் மட்டும் ஹெர்பர்ட் அந்த போனைப் பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அதற்கு முந்தின மாதக் கேரல் ரவுண்ட்ஸ் வழியை இளைஞர் சங்கத்திடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் போனைப் பார்த்து வழி போட்டு, முட்டுச்சந்தில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த அநியாயத்தை மகனுக்கு விளக்க வேண்டியிருந்தது. விளக்கினார். சபையில் தமக்குப் பிறகு யார் என்ற கேள்வியை எழுப்பினார். தாமே பதில் சொன்னார். எப்போதும் நடுவில் “அப்பா, ஒரு நிமிஷம்” என்று மறுத்துப் பேசுகிற பையன், அன்றைக்கு ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டான். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று ஹெர்பர்ட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. “சரிப்பா, உனக்காவது புரியுதே,” என்று சொல்லி வைத்துவிட்டு, சமையலறையில் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“என்ன சொன்னான்?”

“எல்லாத்துக்கும் சரின்னான்.”

அன்றிரவே அவன் நண்பனிடமிருந்து செய்தி வந்தது. இதயம். ஏற்றத்தில் எங்கேயோ விழுந்து கிடந்திருக்கிறான். டாக்டர்கள் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் பிழைத்திருக்க முடியாது என்றார்கள். எந்த நேரம் என்று கேட்டு ஹெர்பர்ட் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். மகன் அத்தனை பக்குவமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எப்படி என்பது விளங்கிவிட்டது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து போனில் பேசுகிற எவரும் மூச்சு விட நிறுத்தினால் போதும், “ஹலோ? ஹலோ? இருக்கீங்களா?” என்று கத்துவார். சபையில் அவருக்குக் காது போய்விட்டதென்று பேசிக்கொண்டார்கள். ஆயர்கூட அவரிடம் சைகை காட்டிப் பேச ஆரம்பித்தார்.

“என்னங்க,” என்றாள் பவுலின் இப்போது. “எனக்கு கதீட்ரல் வேணாம், சூப் வேணாம். அவன் நின்ன இடத்துல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் நான் நடக்கணும். மிச்ச தூரம். அவன் அன்னைக்கு வீடு வந்துடுச்சுன்னு சொல்லல இல்ல? வாசல்ல நின்னு நான் அதைச் சொல்லிட்டு வரணும். அவ்ளோதான். அவன் எந்த இடத்துல நின்னான்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நடை நின்னப்ப உங்க காதுலதானே போன் இருந்துச்சு?”

லவினாவின் கையில் ஒரு பருப்பு பிதுங்காமல் நின்றது.

“பரிசீலிக்கலாம்,” என்றார் தலைவர். கூட்டம் அத்துடன் கலைந்தது.

ஹெர்பர்ட்டுக்கு இரவெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பாலம் தாண்டினால் அவள் திரும்பி, எங்கே என்று கேட்பாள். உலகத்தில் அதற்கு ஒரே சாட்சி அவர். அந்தச் சாட்சி அன்றைக்கு இளைஞர் சங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடலாம். ஜவுளிக்கடை வாசலையோ டிராம் ஸ்டாப்பையோ கை நீட்டிக் காட்டினால் அவள் நம்புவாள். எத்தனையோ பேருக்குத் தெரியாத வழியைத் தெரிந்த மாதிரி காட்டியிருக்கிறார். ஆனால் மகன் விழுந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் காட்டக் கை வரவில்லை.

கையோடு ஒத்திகையை ஆரம்பித்தார். எந்தக் கஷ்டத்துக்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். கேரல் ரவுண்ட்ஸுக்கு எப்படி முன்கூட்டியே நடந்து பார்ப்பாரோ அப்படியே ஹெல்சின்கிக்கும். குக் டவுனுக்குமேல் ஹெல்சின்கியைக் கவிழ்த்துப் போட்டார். அவர்கள் வீடு ஹோட்டல். ரிச்சர்ட்ஸ் பூங்கா கதீட்ரல். கோல்ஸ் பார்க் துறைமுகம். சாயங்காலங்களில் மூவரும், பக்கத்து வீட்டு சுப்ரமணியன் லடாக் போய் வந்த குளிர் கோட்டுகளைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். உடம்பு பழக வேண்டுமாம். பெங்களூர் நவம்பருக்கு ஒரு ஸ்வெட்டரே கொஞ்சம் அதிகம். லவினா கோட்டுக்குள் குளித்துக்கொண்டிருந்தாள். நாய்கள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அவர்களை ஒப்படைத்துக் குரைத்தன. ஓர் ஆட்டோக்காரன் வண்டியை மெதுவாக்கி, “ஏனு சார், காஷ்மீரக்கா?” என்று, காஷ்மீருக்கா பயணம் என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனான்.

“லெஃப்ட்ல பாருங்க, செனட் சதுக்கம்,” என்றார் ஹெர்பர்ட்.

“லெஃப்ட்ல சிக்கன் கடை அத்தான்.”

“கற்பனை வேணும் லவினா. டீச்சரா இருந்தவதானே நீ?”

“கணக்கு டீச்சர். கோழிக்குக் கோழின்னுதான் போடுவேன்.”

பவுலின் பின்னால் வந்தாள். அந்த மாதம் தெருவெல்லாம் ஏதோ குழாய்க்காகத் தோண்டி, மூடி, மேலே ஜல்லியைப் பரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று ஜோடி செருப்பும் அதன்மேல் கரக், கரக் என்றன. ஹெர்பர்ட் நிறுத்தாமல் பேசினார். பின்லாந்தின் அரசியலமைப்பைப் பேசினார், மீன் வகைகளைப் பேசினார். ஏனென்றால் ஒரு தடவை, ரிச்சர்ட்ஸ் பூங்கா வேலி ஓரமாக, அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்த இடைவெளியில், ஜல்லிமேல் நாலாவது ஜோடி கேட்டது. இவர்களுடையதைவிட நீளமான அடி. இளைஞனின் அடி. திரும்பிப் பார்த்தார். லவினா, பவுலின், ஒரு நாய். நாய் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டியது.

அதன்பிறகு வாக்கியங்களுக்கு நடுவில் மூச்சு விடுவதையே குறைத்துக்கொண்டார். லவினாவுக்கு மூன்றாம் நாள் முட்டி வலி வந்தது. “காதுவலின்னு சொல்லணும், மரியாதைக்காக முட்டின்னு சொல்றேன்,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஒத்திகையிலிருந்து விலகினாள்.

மறுநாள் சாயங்காலம் பவுலின் கோட்டை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனை எடுத்தாள்.

“இன்னைக்கு என் வழி. சேவாநகர் மேம்பாலம் வரைக்கும் போயி, தாண்டி அந்தப் பக்கம். நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன். உங்களுக்கு போன் போடுவேன், காதுல வெச்சுக்குங்க.”

“பக்கத்துல வர்றவளுக்கு எதுக்கு போன்?”

“அவன் நடந்த மாதிரி நான் நடப்பேன். நீங்க அன்னைக்குக் கேட்ட மாதிரி கேளுங்க. இடம் வந்தா கையைத் தூக்குங்க. எவ்ளோ தூரம்னு எனக்குப் புரிஞ்சுடும். ஒண்ணே ஒண்ணுங்க. பேசக் கூடாது.”

“நான் எப்ப...” என்று ஆரம்பித்தவரை அவள் பார்த்தாள். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார்.

கரக், கரக். போனில் அவள் நடை. தொண்டையில் பின்லாந்தின் மீன்கள் எல்லாம் துடித்தன. விழுங்கினார். பேச்சில்லாமல் தெரு வேறு மாதிரி இருந்தது. குக்கர் விசில். ஒரு வீட்டில் நட்சத்திர விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பாக எரிந்து அணைந்தது. ரயில் ஒன்று கீழே போகும் சத்தம் வந்து, மேம்பாலத்தில் கால் வைத்ததும் போனுக்குள் காற்று ஊதியது. சாதாரணக் காற்று. ஆனால் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அன்றைக்கும் இது கேட்டிருந்தது. தான் பேசுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று குரலை உயர்த்தியதுகூட ஞாபகம் வந்தது. அது வரைக்கும் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் தம் குரல் ஒன்றுதான்.

பாலம் இறங்கி அந்தப் பக்கம் தெரு மெதுவாக ஏறியது. அங்கேயும் ஜல்லி. போனில் அடிகள் நெருக்கமாக வந்தன, மூச்சோடு. இடது காதில் போன், வலது காதில் தெரு. பவுலினுக்கும் மூச்சு வாங்குகிறதே என்று ஹெர்பர்ட் திரும்பிப் பார்த்தார்.

பவுலின் வெகு பின்னால், பாலத்தின் மேலேயே நின்றிருந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, செருப்பில் சிக்கிய கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் தரையில் இல்லை.

போனில் நடை தொடர்ந்தது.

கரக், கரக். நீளமான அடி. ஏற்றத்தில் கொஞ்சம் சாய்ந்து, அவசரமில்லாமல், வீட்டுக்குப் போகிற நடை. ஹலோ என்று கத்த வாய் திறந்தது. அவர் தம் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடை அவரைத் தாண்டிப் போனது. போனில் இருக்கும் சத்தம் எப்படித் தாண்டும் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தாண்டிப் போனது. அவர் பின்னாலேயே போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, முன்னால் யாரோ நடக்க, வழி தெரியாமல். தையல் கடை, பூட்டிய கேட், ஒரு முருங்கை மரம். மரத்துக்கு அடியில் அடிகள் தளர்ந்தன. ஒன்று. இன்னொன்று, பாதி. ஜல்லியில் ஏதோ மெதுவாகச் சரிந்த சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. லைன் திறந்தே இருந்தது.

ஹெர்பர்ட் கையைத் தூக்கினார்.

பவுலின் பாலம் இறங்கி, ஏறி, வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் தூக்கிய கை தூக்கியபடி நின்றார். டிராஃபிக் போலீஸ் என்று நினைத்து ஒரு ஸ்கூட்டர்காரன் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான்.

“இங்கயா?”

தலையாட்டினார்.

“அன்னைக்குக் கேட்டுச்சா?”

ஒரு முழு நீளப் பதில் இருந்தது. வரலாறு, காரணம் எல்லாம் சேர்ந்த பதில். அது வரவில்லை. “இல்ல பவுலி,” என்றார். “இப்பதான்.”

பவுலின் முருங்கை மரத்தடியைப் பார்த்தாள். குனிந்து அந்த ஜல்லியை உள்ளங்கையால் தொட்டாள். காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“அன்னைக்கு நான் சப்பாத்தி போட்டுட்டு இருந்தேன். ஹால்ல உங்க குரல் நிக்கவே இல்ல. ஒரு தடவைகூட அவனுக்காக நிறுத்தல. கிச்சனுக்கு வந்து, எல்லாத்துக்கும் சரின்னான்னு சொன்னீங்க.” நிமிர்ந்தாள். “என் பிள்ளை எதுக்குங்க சரின்னு சொல்லியிருக்கான்? எனக்கு அப்பவே பக்குன்னு இருந்துச்சு.”

“ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா நீங்க விளக்கியிருப்பீங்க.”

ஹெர்பர்ட் போனைக் காதிலிருந்து எடுத்தார். விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. பவுலின் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வெக்காதீங்க. வீடு வந்துடுச்சுன்னு அவன் இன்னும் சொல்லல.”

இருவரும் திரும்பி நடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு காதில் போனோடு. எதிரே வந்த சுப்ரமணியன், கடன் கொடுத்த கோட்டுகளைத் தேடி இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்ன சார், இன்னைக்கு ஃபின்லாந்துல வெயிலா?” என்றார். ஹெர்பர்ட்டிடமிருந்து பதில் வராததால் பயந்துபோய், வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், ஹெர்பர்ட் சாருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பேசவே இல்லை என்றார்.

வீட்டில் பவுலின் தன் போனை அரிசிப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்தாள். ஹெர்பர்ட் தம்முடையதைச் சாப்பாட்டு மேசையில், காலண்டர் தாளின் மேல் வைத்து, சார்ஜர் சொருகினார். உப்பு ஜாடியைப் பழைய மூலைக்கு நகர்த்தினார். சுருண்டிருந்த தாள் விரிந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பாலத்தின்மேல் கோட்டைக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் ஏற்றத்தில், பாலத்திலிருந்து தாம் நடந்த தூரத்தை விரலால் அளந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். அதற்குமேல் வாசல் வரை இருந்த இடத்தில் கோடு போடவில்லை. அது பவுலின் நடக்க வேண்டியது.

லவினா முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். “யாருக்கு அத்தான் போன்? லைன்ல யாரு?”

ஹெர்பர்ட் உதட்டில் விரல் வைத்தார். அவரிடமிருந்து அந்தச் சைகையை அவள் பார்த்ததே இல்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேர் கமிட்டி முழுசாகக் கூடியிருந்தது. மேசைமேல் போனுக்குள், சமையலறைச் சத்தங்களுக்கு அடியில், யாரோ ஜல்லிமேல் கால் மாற்றி நிற்பதுபோல் ஒரு சின்னக் கரகரப்பு கேட்டது; காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.